காவிரியை யார் புக் செய்தது?

(புதிய கட்டடத்துக்கு மாறவிருக்கும் சென்னை மென்பொருள் அலுவலகம் ஒன்றின் தமிழ் மன்றத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ் மன்ற மேடை என்றால் வள்ளுவர், இளங்கோ, பாரதி என்று பேச்சு போகும். எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, ‘புதிய அலுவலகத்தின் மீட்டிங் ரூம்களுக்கு என்ன பெயர் வைக்கலாம்?’ என்பது. அழைக்க வந்த தம்பி, “சின்ன விஷயம்தான் மேடம், தப்பா நினைக்காதீங்க” என்று கூச்சத்தோடு சொன்னார். அலுவலகங்களை இடம் மாற்றிக் கொடுப்பது என் தொழில். ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை வரும், ஒரு வாரத்தில் அடங்கிவிடும். பார்க்கிங்குக்கு வரும், குலுக்கல் போட்டுத் தீர்த்துவிடலாம். ரூம்களின் பெயருக்கு வரும் சண்டை மட்டும் மெயிலில் தொடங்கி, சாப்பாட்டு மேசைக்குப் போய், ஆறு மாதம் கழித்தும் எங்காவது புகைந்துகொண்டிருக்கும்.

காரணம் எளிது. பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாரும் அதைத் தனியாகச் சொல்லிப் பார்க்கிறார்கள். தனியாகச் சொன்னால் எந்தப் பெயரும் அழகாகத்தான் இருக்கும். அது புழங்கப்போகும் வாக்கியத்தில் வைத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒரு மீட்டிங் ரூமைப் பற்றி அலுவலகத்தில் பேசப்படும் வாக்கியங்கள் மொத்தமே ஏழெட்டுதான். காலியா இருக்கா? யார் உள்ளே? ஏசி ஓடல. டிவியில் படம் வரல. டீ கப்பை யாரோ அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க. ரொம்பச் சின்னது, நாலு பேருக்கு மேல உட்கார முடியாது. இந்த வாக்கியங்களில் நிற்கிற பெயர்தான் நிற்கும்.

இப்போது தலைவர்களின் பெயரை வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அதைத்தான். “பாரதியார்ல ஏசி ஓடல.” “பெரியாரை மூணு மணி வரைக்கும் ஹெச்.ஆர். பிளாக் பண்ணிட்டாங்க.” “வ.உ.சி. ரொம்பச் சின்னது.” சிரிக்கிறீர்கள். ஆனால் கடைசி வாக்கியத்தில்தான் வம்பு இருக்கிறது. அறைகள் ஒரே அளவில் இருப்பதில்லை. இருபது பேர் உட்காரும் போர்டு ரூமும் உண்டு, ஒருவர் நின்று போன் பேசும் கண்ணாடிப் பெட்டியும் உண்டு. பெரிய அறைக்கு யார் பெயர், பெட்டிக்கு யார் பெயர்? இதைத் தீர்க்கிற நிர்வாகியை நான் இதுவரை சந்திக்கவில்லை.

இது கற்பனைப் பயம் இல்லை. இந்த மாநிலமே இதைச் செய்து பார்த்துவிட்டு விலகி வந்திருக்கிறது. 1972-இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் உருவானபோது சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கும்பகோணத்துக்குச் சோழன், கோவைக்குச் சேரன் என்று பெயர் வைத்தார்கள். கேட்டவுடன் ஊர் தெரிகிற பெயர்கள். பிறகு கழகங்கள் பெருகப் பெருக மன்னர்கள் போதவில்லை. கட்டபொம்மன், அண்ணா, ஜீவா, திருவள்ளுவர் என்று தலைவர்களும் புலவர்களும் பேருந்தில் ஏறினார்கள். மாவட்டங்களும் அப்படியே. தூத்துக்குடி சிதம்பரனார் மாவட்டமானது, விருதுநகர் காமராஜர் மாவட்டமானது. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு விடுதலைப் போராட்ட வீரர் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியபோது தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. அரசு ஒரு முடிவுக்கு வந்தது. ஒருவர் பெயரை மட்டும் எடுக்க முடியாது என்பதால் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களும் நீங்கின. ஊர்ப் பெயர்கள் திரும்பி வந்தன. இன்று பேருந்தின் பக்கவாட்டில் வெறுமனே ‘கும்பகோணம்’ என்று இருக்கிறது. யாரும் சண்டை போடுவதில்லை. மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் தலைமை அலுவலகம் மட்டும் இன்னும் பல்லவன் இல்லம்தான்.

மன்னர்கள் என்றால் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். 1972-இல் கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். இன்று ஒவ்வொரு மன்னருக்கும் எங்கள் ஆள் என்று உரிமை கொண்டாட இரண்டு மூன்று தரப்பு இருக்கிறது. இலங்கையில் நடந்தது இன்னும் வேடிக்கை. வட இந்தியப் பெருங்கடலின் புயல்களுக்கு அதைச் சுற்றியுள்ள நாடுகள் ஆளுக்குச் சில பெயர்களை முன்கூட்டியே கொடுத்து வைக்கும் வழக்கம் 2004-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இலங்கை கொடுத்த பெயர்களில் ஒன்று மகாசேன். மின்னேரியா குளத்தைக் கட்டிய மன்னரின் பெயர். 2013 மே மாதம் அந்தப் பெயரின் முறை வந்தபோது இலங்கையிலேயே எதிர்ப்பு கிளம்பியது. குளம் வெட்டி ஊரை வாழவைத்தவரின் பெயரை ஊரை அழிக்கிற புயலுக்கு வைப்பதா என்று கேட்டார்கள். அந்தப் புயல் பிறகு வியாரு ஆனது. பட்டியலில் எழுதும்போது பெருமையாக இருந்த பெயர், ‘மகாசேன் இத்தனை பேரைக் கொன்றது’ என்ற செய்தி வாக்கியத்தில் வந்தபோது தாங்கவில்லை. 2020-இல் வெளியான புதிய பட்டியலில் இந்தியா கொடுத்த பதின்மூன்று பெயர்களில் ‘முரசு’ இருக்கிறது, ‘நீர்’ இருக்கிறது. இரண்டுக்கும் கொடிபிடிக்க யாரும் வரமாட்டார்கள்.

அப்படியானால் ஆறுகள்? இது சோதித்து வென்ற தலைப்பு. அடையாறு பக்கம் ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் போயிருப்பவர்களுக்குத் தெரியும், மாணவர் விடுதிகள் எல்லாமே ஆறுகள். காவேரி, கிருஷ்ணா, நர்மதா, கோதாவரி, கங்கா, ஜமுனா, தப்தி, பிரம்மபுத்ரா. 1959-இல் தொடங்கிய நிறுவனம் வளர வளர புதிய விடுதிகளுக்கும் பெயர்த் தட்டுப்பாடு வரவில்லை. பம்பா, மகாநதி, தாமிரபரணி என்று இந்தியாவில் ஆறுகள் வந்துகொண்டே இருந்தன. நல்ல தலைப்புக்கு முதல் இலக்கணம் இதுதான்: பத்து அறைக்குப் பெயர் தேடும்போது இருபதுக்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். வளாகத்துப் பிள்ளைகள் கோதாவரியைக் கோதாவ் என்றும் அலக்நந்தாவை அலக் என்றும் சுருக்கிக்கொண்டார்கள். நீளமான பெயர் எதுவும் வாயில் தங்காது. சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தின் முழுப் பெயரைச் சொல்லி ஆட்டோ பிடித்தவர் இங்கே யாராவது உண்டா?

ஆனால் உங்கள் அலுவலகத்துக்கு ஆறு வேண்டாம் என்பேன். பாதிப் பேர் பெங்களூரு கிளையோடு தினமும் வேலை செய்கிறீர்கள். காலண்டரில் ‘காவிரி’ என்று ஒரு ரூம் இருந்தால் என்ன ஆகும்? “காவிரியை யார் புக் செய்தது? நாங்கதான் முதல்ல கேட்டோம்.” “எங்களுக்கு ஒரு மணி நேரமாவது விடுங்க.” உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் 177.25 டி.எம்.சி. என்று தீர்த்து வைத்ததை நீங்கள் அரை மணி நேரத் துண்டுகளாக மறுபடியும் ஆரம்பிப்பீர்கள். முதல் வாரம் சிரிப்பாக இருக்கும். ஏதோ ஒரு கோடையில், மேட்டூரில் தண்ணீர் இல்லாத நேரத்தில், அது சிரிப்பாக இருக்காது. வைகைக்கும் பாலாற்றுக்கும் வேறு கஷ்டம். “பாலாறு காலியா?” என்றால் எப்போதும் காலிதான் என்று ஒருவர் பதில் சொல்வார். தினம் சொல்வார். கழிப்பறைக்குப் பக்கத்து அறைக்குக் கூவம் என்று வைக்கச் சொல்லும் ஆள் எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருக்கிறார். இங்கேயும் கை தூக்குகிறார், பாருங்கள்.

நகைச்சுவைப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டெடுப்பு வைத்தால் கட்டாயம் வடிவேலுதான் ஜெயிப்பார். கைப்புள்ள, நேசமணி, வருத்தப்படாத வாலிபர் சங்கம். எனக்கும் பிடிக்கும். ஆனால் அமெரிக்காவிலிருந்து வரும் வாடிக்கையாளரை வாசலில் நிறுத்திக் கைப்புள்ள யார் என்று விளக்கும் பொறுப்பு வரவேற்பில் இருக்கும் தங்கச்சிக்கு வந்து சேரும். பிரிட்டனில் 2016-இல் துருவ ஆராய்ச்சிக் கப்பலுக்குப் பெயர் கேட்டு மக்களிடம் இணைய ஓட்டெடுப்பு நடத்தினார்கள். ‘போட்டி மெக்போட்ஃபேஸ்’ என்ற கிண்டல் பெயர் முதலிடம் பிடித்தது. அரசு கப்பலுக்கு இயற்கையியலாளர் டேவிட் அட்டன்பரோவின் பெயரை வைத்துவிட்டு, கிண்டல் பெயரை அதிலிருந்து இறங்கும் சின்ன நீர்மூழ்கிக் கருவிக்குக் கொடுத்தது. நல்ல சமரசம்தான். ஆனாலும் ஓட்டுப் போட்டவர்களிடம் கேட்டுவிட்டு அதைச் செய்யாமல் விட்ட பெயர் நிர்வாகத்துக்குத்தான். தலைப்பை நிர்வாகம் முடிவு செய்யட்டும். அந்தத் தலைப்புக்குள் எந்தப் பெயர் என்பதை ஊழியர்கள் தேர்ந்தெடுக்கட்டும். கேட்டால் செய்ய முடிந்ததை மட்டும் கேளுங்கள்.

கணினிக்காரர்கள் நீங்கள். உங்கள் தொழிலிலேயே இதற்கு ஒரு பழைய ஆவணம் இருக்கிறது. 1990-இல் டான் லிபஸ் என்பவர் ‘உங்கள் கணினிக்குப் பெயர் தேர்ந்தெடுத்தல்’ என்ற பொருளில் எழுதியது. இணைய நெறிகளின் வரிசையில் ஆர்.எஃப்.சி. 1178 என்ற எண்ணோடு இன்றும் இருக்கிறது. நீளமான பெயர் வேண்டாம், சொந்தப் பெயர் வேண்டாம், திட்டத்தின் பெயரை இயந்திரத்துக்கு வைக்க வேண்டாம், ஒரு தலைப்பின் கீழ் வரும் பெயர்கள் வளர இடம் கொடுக்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. ஒரு கணினிக்கு ‘அப்’ என்று பெயர் வைத்துவிட்டு, அது டவுன் ஆகிவிட்டதா என்று கேட்பதற்குள் குழம்பிப்போன கதையும் அதிலேயே வருகிறது. நான் மேலே சொன்ன வாக்கியச் சோதனையை அவர் எனக்கு முன்பே சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தமிழ் மன்றம் என்பதால் எல்லாருக்கும் தோன்றும் தலைப்புக்கு வருகிறேன். ஐந்திணை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. ஓஎம்ஆர் சாலையில் இந்தப் பெயர்கள் மாட்டிய கண்ணாடிக் கதவுகளைப் பார்க்காதவர் குறைவு. அழகான பெயர்கள். ஆனால் தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் ஓர் உரிப்பொருளைக் கொடுத்திருக்கிறது என்பதை மறந்துவிட்டுப் பெயர் வைக்கிறார்கள். வேலையை விட்டுப் போகிறவருக்குக் கடைசி நேர்காணல் எந்த அறையில்? பாலையில் என்றால் பொருத்தமோ பொருத்தம், பாலைக்கு உரியது பிரிதல். அப்ரைசல் முடிந்து வெளியே வரும் பிள்ளை நெய்தலிலிருந்து வந்தால் இரங்கல். சம்பள உயர்வு போதாது என்று முறுக்கிக்கொண்டிருப்பவரைச் சமாதானப்படுத்த மருதம், ஏனென்றால் அங்கே ஊடல். ரிலீஸ் தேதிக்காகக் காத்திருக்கும் டீமுக்கு முல்லை. குறிஞ்சியின் உரிப்பொருளை நான் மேடையில் சொல்லப்போவதில்லை, அந்த அறையின் கதவு கண்ணாடியாக இருப்பது நல்லது.

இந்தச் சிரிப்பை விட்டாலும் ஐந்திணைக்கு ஒரு பெரிய குறை உண்டு. ஆறாவது அறைக்கு என்ன செய்வீர்கள்? ‘குறிஞ்சி 2’ என்று ஓர் அறையை நானே பார்த்திருக்கிறேன். அந்த நிமிடத்தில் தலைப்பு செத்துவிடுகிறது.

ஆனால் அதே இலக்கணத்தில் தீர்வும் இருக்கிறது. திணையை அறைக்கு வைக்காதீர்கள், மாடிக்கு வையுங்கள். அறைகளுக்கு அந்தத் திணையின் கருப்பொருளை எடுங்கள். முதல் மாடி குறிஞ்சி என்றால் அங்கே வேங்கை, காந்தள், சந்தனம், அகில். இரண்டாம் மாடி முல்லை: கொன்றை, காயா, குருந்து, பிடவம். மூன்றாவது மருதம்: தாமரை, காஞ்சி, ஆம்பல். நான்காவது நெய்தல்: புன்னை, தாழை, கண்டல். பெரிய கூடங்களுக்கு அந்தந்த நிலத்தின் நீர்: குறிஞ்சியில் அருவி, முல்லையில் காட்டாறு, மருதத்தில் பொய்கை, நெய்தலில் கழி. இதில் லாபம் என்னவென்றால் பெயரே விலாசமாகிவிடுகிறது. “புன்னைக்கு வாங்க” என்றால் நான்காவது மாடிக்கு லிப்டில் ஏற வேண்டும் என்று தெரிந்துவிடும். “பொய்கை” என்றால் மூன்றாவது மாடி, பெரிய கூடம், நிறையப் பேர் வருகிறார்கள். பழகுகிற வரைக்கும் தடுமாறுவார்கள், அது எந்தப் பெயருக்கும் உண்டு. அறைகள் கூடினால் கவலை இல்லை. குறிஞ்சிப்பாட்டு ஒன்றிலேயே கபிலர் 99 பூக்களைச் சொல்லியிருக்கிறார், அதற்கு மேல் மீட்டிங் ரூம் வேண்டியிருக்கும் நிறுவனத்துக்கு வேறு நோய்.

பாலையை என்ன செய்வது? உங்கள் கட்டடத்தில் மொட்டை மாடி இருக்கிறது. மே மாதம் நண்பகலில் அங்கே போய் நின்று பாருங்கள். வேனிலும் நண்பகலும்தான் பாலைக்கு உரிய பொழுது.

விலங்குகளையும் சேர்க்கலாமே என்று கேட்பீர்கள், கருப்பொருளில் அவையும் உண்டு. வேண்டாம். மருதத்தின் விலங்கு எருமை. “மேனேஜர் எருமையில இருக்காரு” என்ற வாக்கியம் ஒரு நாள் வந்தே தீரும். எருமை மேல் வருகிறவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். மரம், பூ, நீர் இந்த மூன்றோடு நிறுத்துங்கள். அதிலும் ஒன்றுபோல ஒலிக்கிற பெயர்களை விலக்குங்கள். காஞ்சியை எடுத்தால் வஞ்சி வேண்டாம். ஸ்பீக்கர் போனில், அதுவும் எதிர்முனையில் இருப்பவர் புனேயில் ரயிலில் இருந்தால், இரண்டும் ஒன்றுதான். ழகரம் வருகிற பெயர்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஆங்கில எழுத்தில் அதை எப்படி எழுதுவது என்பதை ஒரே ஒரு முறை முடிவு செய்து, காலண்டரிலும் கதவிலும் மெயிலிலும் அதே மாதிரி போடுங்கள். தாழையை நாலு பேர் நாலு விதமாக எழுதினால் தேடுகிறவருக்கு அப்படி ஓர் அறையே இல்லை என்று காலண்டர் சொல்லும். காலண்டரில் பெயருக்குப் பக்கத்திலேயே மாடியும், எத்தனை பேர் உட்காரலாம் என்பதும் இருக்கட்டும்.

கதவில் பெயர் மட்டும் இருந்தால் போதாது, படமும் வேண்டும். டில்லியில் 2023-இல் திறந்த நாடாளுமன்றக் கட்டடத்துக்கு ஆறு வாசல்கள். யானை, குதிரை, கருடன், மகரம், சார்தூலம், அன்னம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், வாசலிலேயே கல்லில் அந்த உருவம். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பதாகையோடு நின்றதால் மகர துவாரம் இன்று செய்தி பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்த பெயர். மகரம் என்பது என்ன விலங்கு என்று தெரியாதவரும் அங்கே நிற்கும் சிலையைக் காட்டி வழி சொல்லிவிடலாம். காயாவின் நீலப் பூவை இந்த அரங்கில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கதவில் இருந்தால் தினம் பார்ப்பீர்கள். தமிழ் எழுத்து பெரிதாக, ஆங்கிலம் சிறிதாக, அதற்குக் கீழே தடவிப் படிக்கப் பிரெயில்.

இந்த வேலையைச் செய்கிறவளாக இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் பெயர் வைப்பதற்கு முன்பே உங்கள் அறைகளுக்குப் பெயர் வந்துவிட்டது. இன்டீரியர் காண்ட்ராக்டரின் வரைபடத்தில் அவை எம்.ஆர். 1, எம்.ஆர். 2. ஏசி பெட்டியில், மின்சார பேனலில், அணுகல் அட்டைக் கருவியில், தீ விபத்தின்போது வெளியேறும் வரைபடத்தில் எல்லாம் இந்த எண்தான் ஏறியிருக்கும். அதை அழிக்காதீர்கள். கதவின் மூலையில் சிறிய எழுத்தில் எண் இருக்கட்டும். நள்ளிரவில் புகை வந்தால் ஓடி வருகிற தீயணைப்பு வீரருக்குக் கொன்றை எது, குருந்து எது என்று தெரியாது.

இன்னொரு வரிசைப் பெயர்களும் இருக்கின்றன. அவை ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் வைத்தவை. “தூண் ரூம்”, “வெயில் ரூம்”, “சத்தம் போடுற ரூம்”. அவர்களுக்குக் காலண்டர் கிடையாது, கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள். பெயர் வைக்கும் குழுவில் அவர்களில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் ஏழு மணிக்கு ஒவ்வொரு அறைக்குள்ளும் முதலில் நுழைகிறவர் அவர்தான். தூண் நிற்கிற அறைக்கு வேங்கை என்று வைக்கச் சொல்லி, அந்தத் தூணையே மரமாக வரையச் சொன்ன ஓர் அக்காவை எனக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தில் யாரும் வழி கேட்காத ஒரே அறை அதுதான்.

நிறையப் பேசிவிட்டேன், டீ வந்துவிட்டது. ஒரே ஒரு வேண்டுகோள். பித்தளையிலோ அக்ரிலிக்கிலோ பெயர்ப்பலகைக்கு இப்போதே ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். வெள்ளைத் தாளில் அச்சடித்து ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். அந்த ஒரு மாதத்தில் செக்யூரிட்டி அண்ணன் எந்தப் பெயரைச் சொல்லி உங்களுக்கு வழி காட்டுகிறார் என்று கவனியுங்கள். அவர் வாயில் வராத பெயர்களை மாற்றிவிட்டு, பிறகு பலகைக்குப் பணம் கொடுங்கள்.